ஒரு சோதனை முடிவும் நின்றுபோன ஆட்டமும்

2020ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் இரவு. அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டி நகர விளையாட்டரங்கில் பெருங்கூட்டம் கூடியிருந்தது. தேசியக் கூடைப்பந்துச் சங்கம் நடத்தும் தொழில்முறைப் போட்டித் தொடரில், அன்று ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணியும் யூட்டா ஜாஸ் அணியும் மோத இருந்தன. ஆட்டக்காரர்கள் களத்தில் இறங்கிவிட்டார்கள். நடுவர் பந்தை மேலே எறிய வேண்டியதுதான் பாக்கி. அந்த வேளையில் தண்டர் அணியின் அலுவலர் ஒருவர் ஓடிவந்து நடுவர்களிடம் ஏதோ கூறினார். சற்று நேரத்தில் இரு அணியினரும் உள்ளே அனுப்பப்பட்டனர். ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டதாக ஒலிபெருக்கி அறிவித்தது. கூட்டம் கலைந்தது.

யூட்டா அணியின் ரூடி கோபேர் என்ற ஆட்டக்காரருக்குக் கொரோனாத் தொற்று உறுதியானதே காரணம். அவர் அன்று அரங்குக்கு வரவே இல்லை. ஆயினும் அந்த ஒரு சோதனை முடிவைக் கொண்டு, சங்கத்தின் ஆணையர் ஆடம் சில்வர் அன்றிரவே தொடர் முழுவதையும் நிறுத்திவைத்தார். அந்தப் பருவத்துக்குரிய 1,230 ஆட்டங்களில் 971 முடிந்திருந்தன. 259 எஞ்சி நின்றன. இதற்கு முன் 1998-99, 2011-12 ஆகிய பருவங்களில் அணி உரிமையாளர்களுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் இடையே எழுந்த பூசலால் ஆட்டங்கள் குறைந்ததுண்டு. நோயால் ஆட்டம் நின்றது இதுவே முதல் முறை.

வகுப்பில் இந்நிகழ்ச்சியைச் சொன்னபோது, கல்லூரிக் கூடைப்பந்து அணியில் ஆடும் மாணவர் ஒருவர் எழுந்து கேட்டார்: “ஒருவருக்குத்தானே சார் நோய்? அவரை மட்டும் விலக்கிவிட்டு ஆட்டத்தை நடத்தியிருக்கலாமே? முப்பது அணிகளையும் நிறுத்துவானேன்?”

நியாயமான கேள்விதான். இதற்கு விடை காண நாம் மருத்துவ நூலைத் தேடிப் போக வேண்டியதில்லை. இரண்டால் பெருக்கத் தெரிந்தால் போதும்.

பத்து நாளில் ஐந்து அணிகள்

யூட்டா அணி அந்த மார்ச் மாதம் 2ஆம் நாள் கிளீவ்லாந்துடனும், 4ஆம் நாள் நியூயார்க்குடனும், 6ஆம் நாள் பாஸ்டனுடனும், 7ஆம் நாள் டெட்ராய்ட்டுடனும், 9ஆம் நாள் கனடா நாட்டு டொராண்டோ அணியுடனும் ஆடியிருந்தது. அந்த ஐந்து அணிகளும் அதற்குப் பிறகு வேறு அணிகளுடன் ஆடின, ஆட இருந்தன. ஓர் அணியிலிருந்து கோடு போடத் தொடங்கினால் இரண்டு மூன்று படிகளில் தொடர் முழுவதையும் தொட்டுவிடலாம். அன்றிரவு தொலைவில் உள்ள சாக்ரமெண்டோ நகரில் நடக்க இருந்த வேறோர் ஆட்டமும் கைவிடப்பட்டது. காரணம், அதன் நடுவர்களுள் ஒருவர் இரண்டு நாளுக்கு முன் யூட்டா ஆட்டத்தில் பணியாற்றியவர்.

நோயாளி இன்று கண்டறியப்பட்டார் என்றால், அவர் இன்றுதான் நோயாளியானார் என்பது பொருளன்று. உடலில் வைரஸ் பெருகத் தொடங்கிப் பிறருக்குப் பரவக்கூடிய நிலையை அடைந்த பிறகே பலருக்குக் காய்ச்சலும் இருமலும் தோன்றுகின்றன. சிலருக்கு அவை தோன்றுவதே இல்லை. ஆகவே, கண்ணுக்குப் புலப்படாத சில நாள்கள் நடுவே மறைந்து கிடக்கின்றன. ஆட்டத்தை நிறுத்தச் செய்தவை அந்த மறைந்த நாள்களே.

தாமரைக் குளத்துக் கணக்கு

ஒரு குளத்தில் தாமரை இலைகள் நாள்தோறும் இரு மடங்காகப் பெருகுகின்றன எனக் கொள்வோம். முப்பதாம் நாள் குளம் முழுவதும் மூடிவிடுகிறது. பாதிக் குளம் மூடியது எந்த நாள்? பதினைந்தாம் நாள் என்று நாக்கு முந்திக்கொள்ளும். சரியான விடை இருபத்தொன்பதாம் நாள். இருபத்தைந்தாம் நாள் பார்த்திருந்தால் முப்பத்திரண்டில் ஒரு பங்கே மூடியிருக்கும். கரையில் நிற்பவர், “நாலு இலைதானே!” என்று சொல்லிப் போய்விடுவார்.

இதையே அடுக்குக்குறி வளர்ச்சி என்கிறோம். 2020 மார்ச் 11ஆம் நாள் அமெரிக்காவில் உறுதி செய்யப்பட்ட தொற்றுகள் ஆயிரத்தைச் சற்றே தாண்டியிருந்தன. ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 11ஆம் நாள், அந்த எண்ணிக்கை ஐந்து லட்சத்தைக் கடந்துவிட்டது. ஆயிரத்தை ஒன்பது முறை இரட்டித்தால் 5,12,000 வரும். அதாவது, ஏறக்குறைய மூன்றரை நாளுக்கு ஒரு முறை இரட்டிப்பு. சோதனைகள் அதிகமானதும் இந்த எண்ணிக்கை கூட ஒரு காரணம்தான். ஆயினும் வளர்ச்சியின் போக்கு ஐயத்துக்கு இடமின்றித் தெரிகிறது. உலகச் சுகாதார நிறுவனம் இந்நோயைப் பெருந்தொற்று என்று அறிவித்ததும் அதே மார்ச் 11ஆம் நாள்தான். ‘ஒருவர்தானே’ என்று சொல்லக்கூடிய நாளே செயல்படுவதற்கு ஏற்ற நாள்.

அரங்கத்துக் காற்று

கூடைப்பந்து அரங்கம் இந்நோய்க்கு ஏன் வசதியான இடம்? இங்கே நமக்கு ஸ்டோக்ஸ் விதி துணை புரிகிறது. காற்றில் விழும் சிறு துளியின் முற்றுவேகம் அதன் விட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 100 மைக்ரான் விட்டமுள்ள எச்சில் திவலை, முகத்தின் உயரத்திலிருந்து ஐந்தாறு வினாடிகளில் தரையைத் தொட்டுவிடும். 5 மைக்ரான் விட்டமுள்ள நுண்துளியோ இருபது மடங்கு சிறியது. ஆகவே ஏறக்குறைய நானூறு மடங்கு மெதுவாக இறங்கும். அது தரையைத் தொட அரை மணிக்கு மேலாகும். காற்றில் அசைவிருந்தால் இன்னும் நீண்ட நேரம் மிதக்கும்.

அமைதியாக உட்கார்ந்திருப்பவர் நிமிடத்துக்கு ஆறு முதல் எட்டு லிட்டர் காற்றை மூச்சாக விடுகிறார். ஓடியாடும் விளையாட்டு வீரரோ நூறு லிட்டரையும் தாண்டுவார். பத்துப் பேர் மூடிய அரங்கில், முகத்துக்கு முகம் நெருங்கி, இரைக்க இரைக்க மூச்சு விடுகிறார்கள். சுற்றிலும் ஆயிரக்கணக்கானோர் உரக்கக் கத்துகிறார்கள். தும்மல், இருமல் இல்லாமலே நோய் பரவ இது போதும்.

குமிழிக்குள் ஒரு பருவம்

141 நாள்கள் ஆட்டமில்லை. 2020 ஜூலை 30ஆம் நாள் தொடர் மீண்டும் தொடங்கியது. ஆனால் அணிகளின் சொந்த நகரங்களில் அன்று. புளோரிடா மாநிலத்தில் ஆர்லாண்டோ அருகே உள்ள டிஸ்னி வளாகத்தில், பார்வையாளர் இன்றி நடந்தது. முப்பது அணிகளில் 22 அணிகளே அழைக்கப்பட்டன. எஞ்சிய எட்டு அணிகளுக்குப் பருவம் மார்ச் மாதத்தோடு முடிந்தது. அவற்றுள் ஒன்று, 2015 முதல் 2019 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து இறுதிச் சுற்றில் ஆடிய கோல்டன் ஸ்டேட் அணி! அழைக்கப்பட்ட ஒவ்வோர் அணியும் எட்டு ஆட்டங்கள் ஆடிய பின் வெளியேற்றச் சுற்றுகள் நடந்தன. எந்த அணியும் வழக்கமான 82 ஆட்டங்களை ஆடி முடிக்கவில்லை.

இந்த ஏற்பாட்டைக் ‘குமிழி’ என்றார்கள். இயற்பியலில் நாம் ‘தனித்த அமைப்பு’ என்று படிப்பதை இது நினைவூட்டுகிறது. உள்ளே நுழைந்தவர் முதலில் அறையிலேயே அடைபட்டிருந்து, இரண்டு சோதனைகளில் தொற்றில்லை எனத் தெரிந்த பின்பே வெளியே வரலாம். தொடக்கத்தில் சோதிக்கப்பட்ட 322 ஆட்டக்காரர்களில் இருவருக்குத் தொற்று இருந்தது. அறையில் அடைபட்டிருந்த காலத்திலேயே தெரிந்ததால் அது பரவவில்லை. அதன் பிறகு நாள்தோறும் சோதனை. இருவர் அதிக நேரம் நெருங்கி நின்றால் ஒலியெழுப்பும் சிறு கருவியைப் பலர் அணிந்திருந்தனர்.

முழுமையாகத் தனித்த அமைப்பு என்பது பாடநூலில் மட்டுமே உண்டு. இங்கேயும் விடுதிப் பணியாளர் பலர் வெளியிலிருந்து வந்து சென்றார்கள். அந்த இடைவெளியை முகக்கவசத்தாலும் தள்ளி நிற்பதாலும் அடைக்க வேண்டியிருந்தது. இவ்வளவுக்கும் பதினைந்து கோடி டாலருக்கு மேல் செலவாயிற்று. அக்டோபர் 11ஆம் நாள் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணி, மயாமி ஹீட் அணியை நான்குக்கு இரண்டு என்ற கணக்கில் வென்றது. குமிழிக்குள் 172 ஆட்டங்கள் நடந்தன. தனிமைக் காலம் முடிந்து உள்ளே வந்த ஆட்டக்காரர் எவருக்கும் தொற்று ஏற்படவில்லை.

சோதனைக் குழாயில் அதே இரட்டிப்பு

நாள்தோறும் சோதனை எதற்கு? வாரம் ஒரு முறை போதாதா?

இங்கேதான் இரட்டிப்பு மீண்டும் வருகிறது. பாலிமரேஸ் தொடர் வினை என்னும் பி.சி.ஆர். சோதனையில், வைரஸின் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி, சுற்றுக்குச் சுற்று இரு மடங்காகப் பெருக்குகிறார்கள். பத்துச் சுற்றில் ஆயிரம் மடங்கு. இருபதில் பத்து லட்சம் மடங்கு. நாற்பதில் லட்சம் கோடி மடங்கு. எத்தனையாவது சுற்றில் கருவிக்குப் புலப்படுகிறது என்பதே சுற்று எண். எண் குறைவாக இருந்தால் வைரஸ் அதிகம். ஒருவருடைய சுற்று எண் 20, இன்னொருவருடையது 30 என்றால், முதல்வரிடம் ஒன்றரை மடங்கு வைரஸ் என்று எண்ணிவிடக் கூடாது. ஏறக்குறைய ஆயிரம் மடங்கு என்பதே சரி. நில நடுக்கத்தையும் ஒலியின் அளவையும் குறிப்பது போல இதுவும் ஒரு மடக்கை அளவுகோல்.

சாதாரணமாக ஒருவர் நோயுற்ற பிறகுதான் சோதனைக்கு வருவார். ஆகவே, நோயின் தொடக்க நாள்களை அளந்து பார்க்கும் வாய்ப்பு மருத்துவர்களுக்கு அரிது. கூடைப்பந்துச் சங்கமோ நலமாக இருந்தவர்களையும் அடிக்கடி சோதித்தது. அந்த அளவீடுகளை ஹார்வர்டு, யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்து, 2021இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வைரஸ் உச்சத்தை எட்ட ஏறக்குறைய மூன்று நாள்கள். பிறகு இறங்கி மறைய ஒரு வாரம் முதல் பத்து நாள்கள் வரை. ஏற்றம் செங்குத்து, இறக்கம் சரிவு.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40ஆம் சுற்றில் தெரியும் அளவிலிருந்து, 22ஆம் சுற்றில் தெரியும் உச்சத்துக்கு வர 18 இரட்டிப்புகள் தேவை. மூன்று நாளில், அதாவது 72 மணியில் 18 இரட்டிப்பு என்றால், நான்கு மணிக்கு ஒன்று! திங்களன்று சோதித்துத் தொற்றில்லை என்று தெரிந்தவர், வியாழனன்று உச்சத்தில் இருக்கலாம். வாரச் சோதனை இந்த ஏற்றத்தை முழுவதுமே தவறவிட்டுவிடும். நாள்தோறும் சோதித்தால் மேலே ஏறும்போதே பிடித்துவிடலாம்.

சரிவின் கடைசிப் பகுதியும் ஒரு பாடம் தந்தது. குமிழியில் பங்கு கொண்ட 3,648 பேரில் 36 பேருக்கு, நோய் நீங்கிய பின்னும் சோதனையில் வைரஸின் எச்சம் தெரிந்துகொண்டே இருந்தது. அவர்களிடமிருந்து எவருக்கும் நோய் பரவவில்லை. சோதனை ‘உண்டு’ என்று சொல்வது வேறு; பிறருக்குப் பரவக்கூடிய நிலை வேறு.

விளையாட்டு தந்த விடை

பொதுமக்களுக்குச் சோதனை கிட்டாத நேரத்தில் விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் எப்படி உடனே கிட்டியது என்ற மனத்தாங்கல் 2020 மார்ச்சில் அமெரிக்காவில் எழுந்தது. அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அதே சங்கத்தின் துணையோடுதான் யேல் பல்கலைக்கழகத்தார், எச்சிலைக் கொண்டு சில டாலர் செலவில் செய்யக்கூடிய எளிய சோதனை முறையை உருவாக்கிச் சரிபார்த்தார்கள். 2020 ஆகஸ்ட் 15ஆம் நாள் அதற்கு அவசர கால அனுமதி கிடைத்தது.

நம் மாணவரின் கேள்விக்கு வருவோம். ஒருவரை மட்டும் விலக்கியிருக்கலாம்தான், அவர் எந்த நாளில் யாருக்கெல்லாம் நோயைத் தந்திருப்பார் என்பது அன்றிரவு தெரிந்திருந்தால். தெரியாதபோது எல்லாரையும் நிறுத்த வேண்டியிருந்தது. நாள்தோறும் அளந்து அறிய முடிந்தபோது மீண்டும் ஆட முடிந்தது. அந்த மார்ச் இரவுக்கும் குமிழிக்குள் நடந்த ஆட்டங்களுக்கும் இடையே வைரஸ் மாறிவிடவில்லை. நாம் அறியாதிருந்த நாள்களின் எண்ணிக்கைதான் குறைந்தது.