நால்வருக்கு ஓர் இருப்பிடம்

மலைமேல் ஒரு நகரம் – 14

கொடைக்கானலில் வயலின் கற்கும் பிள்ளைகளுக்கு ஐப்பசியும் கார்த்திகையும் சோதனை மாதங்கள். வடகிழக்குப் பருவமழையும் மூடுபனியும் வீட்டுக்குள்ளேயே ஈரத்தைக் கொண்டுவந்து விடும். மரம் ஊறும், தந்தியை முறுக்கும் பிரடை இறுகிக்கொண்டு திரும்ப மறுக்கும். தை பிறந்து உறைபனி விழுந்து காற்று காய்ந்ததும் அதே பிரடை தளர்ந்து வழுக்கும். காலையில் சேர்த்த ஸ்ருதி மதியம் வரை நிற்காது. வயலினின் மேல்பலகை ஸ்ப்ரூஸ் மரம், பின்பலகை மேப்பிள். இவற்றை ஒட்டியிருப்பது விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை. ஈரம் மிகுந்தால் அந்தப் பசை இளகி, பலகையின் ஓரம் விட்டுப்போகும். ஏழாயிரம் அடி உயரத்தில் இந்தக் கருவியைக் காப்பாற்றி வைப்பதே ஒரு பயிற்சி.

இவ்வளவு சிரமத்துக்கும் நடுவே இந்த மலையில் மேலை இசை ஊன்றி நிற்பதற்கு வரலாறு உண்டு. மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள் காய்ச்சலுக்கும் வெயிலுக்கும் தப்பி 1845இல் இங்கே முதல் வீடுகளைக் கட்டினார்கள். தங்கள் பிள்ளைகளுக்காக 1901இல் ஒரு பள்ளியைத் தொடங்கினார்கள். அதுதான் இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி. தேவாலயப் பாடலும் பியானோவுமாக வந்த இசை, காலப்போக்கில் வகுப்பறைப் பாடமாகவே நிலைத்தது. லண்டன் இசை வாரியங்கள் நடத்தும் எட்டு கிரேடு தேர்வுகள் நம் ஊர்களின் இசை ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் இன்று நன்றாகப் பழகிவிட்டன.

எட்டாவது கிரேடு முடித்த பிள்ளை, "நான் இதையே தொழிலாக எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்லும் நாளில் வீட்டில் ஒரு மௌனம் விழும். பிறகு அப்பா கேட்பார்: "இதை வைத்துச் சாப்பிட முடியுமா?" அந்தக் கேள்வியில் தவறு ஏதுமில்லை. அதற்கு நேர்மையான பதிலைத் தேடுவதுதான் இந்த வாரத்து வேலை. மேலை இசைக்கலைஞர்கள் உயர்ந்த கலைவடிவம் என்று மதிக்கும் ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டை வைத்தே அந்தப் பதிலைத் தேடலாம்.

நான்கு பேர், தலைவர் இல்லை

இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. இவ்வளவுதான் குவார்ட்டெட். வயோலா வயலினைவிடச் சற்றுப் பெரியது, குரல் தணிந்தது. செல்லோவை முழங்கால்களுக்கு இடையே நிறுத்தி வாசிப்பார்கள். ஆண்குரலின் ஆழம் அதற்கு உண்டு. ஆர்கெஸ்ட்ராவில் கோல் பிடித்து நடத்த ஒருவர் இருப்பார். இங்கே அப்படி யாரும் இல்லை. முதல் வயலின்காரர் மூச்சை இழுக்கும் விதத்தைப் பார்த்து மற்ற மூவரும் வில்லை வைக்க வேண்டும். ஒருவர் ஸ்ருதியில் இம்மி பிசகினாலும் மறைந்துகொள்ள இடமில்லை.

நம் கச்சேரி மேடையிலும் மூன்று நான்கு பேர் அமர்கிறார்கள். ஆனால் அங்கே பாடுபவர் முன்னால் செல்ல, பக்கவாத்தியம் தொடர்ந்து செல்கிறது. மனோதர்மம் வழி காட்டுகிறது. குவார்ட்டெட்டில் ஒவ்வொரு ஸ்வரமும் எழுதப்பட்டது. எழுதியதை நான்கு பேரும் ஒரே மனமாகப் புரிந்துகொள்ள வருடங்கள் பிடிக்கும். அதனால் நல்ல குவார்ட்டெட் என்பது ஒரு குடும்பத்தின் ஆயுள் கொண்டது. லண்டனின் அமடேயஸ் குவார்ட்டெட்டில் மூன்று பேர் ஹிட்லருக்குத் தப்பி ஆஸ்திரியாவிலிருந்து வந்தவர்கள். இங்கிலாந்தின் தடுப்பு முகாம்களில் அறிமுகமானவர்கள். 1948 ஜனவரியில் விக்மோர் ஹாலில் வாசித்ததிலிருந்து ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அதே நால்வர். 1987இல் வயோலா வாசித்த பீட்டர் ஷிட்லாஃப் இறந்ததும், அவர் இடத்தில் இன்னொருவரை வைக்க மனமின்றி மற்ற மூவரும் குழுவையே முடித்துக்கொண்டார்கள்.

இந்தத் தொழிலின் கணக்கு கடினமானது. ஒரு கச்சேரிப் பணம் நாலாகப் பிரியும். விமானத்தில் போனால் செல்லோவுக்கும் தனி இருக்கைச் சீட்டு வாங்க வேண்டும். மேடையில் வாசிக்கும் ஒன்றரை மணி நேரத்துக்குப் பின்னால் வாரக்கணக்கில் ஒத்திகை இருக்கும்; ஒத்திகைக்கு யாரும் பணம் தருவதில்லை.

சோறு போட்டது யார்?

குவார்ட்டெட்டுக்கு உருவம் கொடுத்த ஹைடன், எஸ்டர்ஹாஸி இளவரசர் குடும்பத்தின் சம்பளக்காரர். அறுபத்தெட்டு குவார்ட்டெட்டுகளை எழுதியவர். பீத்தோவன் காலத்தில் வியன்னாவில் ரஷ்யத் தூதராக இருந்த ரசுமோவ்ஸ்கி பிரபு, 1808இல் தனக்கென்று நிரந்தரமான ஒரு குவார்ட்டெட்டை அமர்த்தினார். இக்னாஸ் ஷுப்பான்ஸிக் அதன் முதல் வயலின். பீத்தோவன் எழுதிய இசையை மை காயுமுன் வாசித்துப் பார்க்கும் பேறு அந்தக் குழுவுக்கு வாய்த்தது. 1814ஆம் ஆண்டின் கடைசி இரவில் பிரபுவின் அரண்மனை தீப்பற்றி எரிந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் குழுவும் கலைந்தது. புரவலர் சாய்ந்தால் கலையும் சாயும் என்பதற்கு எட்டயபுரம் முதல் தஞ்சை வரை நம்மிடமும் கதைகள் உண்டு.

இந்தியாவில் இந்தக் கனவைக் கண்டவர் பம்பாயின் மெஹ்லி மேத்தா. 1935இல் பம்பாய் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவையும், 1940இல் பம்பாய் ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டையும் தொடங்கினார். பின்னாளில் உலகமே கொண்டாடிய ஜூபின் மேத்தா வளர்ந்தது அந்த வீட்டின் ஒத்திகைகளுக்கு நடுவேதான். ஆனால் இசையை மட்டுமே நம்பி வாழ பம்பாய் இடம் தரவில்லை. 1955இல் மெஹ்லி இங்கிலாந்தின் ஹாலே ஆர்கெஸ்ட்ராவுக்குப் போனார். பிறகு அமெரிக்காவின் கர்டிஸ் குவார்ட்டெட்டில் வாசித்தார். கடைசியில் லாஸ் ஏஞ்சலஸில் இளைஞர்களுக்கான ஆர்கெஸ்ட்ராவை உருவாக்கி, தொண்ணூறு வயது நெருங்கும் வரை நடத்தினார். அந்த உழைப்பு முழுவதும் இங்கே விளைந்திருக்க வேண்டியது.

சென்னைக்குக் கிடைத்த அரண்மனை

சென்னையில் அந்தப் புரவலர் இடத்தில் சினிமா இருந்தது. கொடைக்கானல் மலையின் தெற்கு விளிம்பில் நின்று கீழே பார்த்தால் பெரியகுளமும் தேனிச் சமவெளியும் விரியும். அதற்கும் அப்பால் கம்பம் பள்ளத்தாக்குப் பக்கத்துப் பண்ணைப்புரத்திலிருந்து புறப்பட்ட இளையராஜா, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசையைக் கற்று, 1976இல் ‘அன்னக்கிளி’யோடு வந்தார். அவர் எழுதிய இசை வயலின்களையும் வயோலாக்களையும் செல்லோக்களையும் கூட்டமாகக் கேட்டது. நொட்டேஷனைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கத் தெரிந்தவர்களுக்குக் கால்ஷீட்டுக்குப் பஞ்சமில்லை. காலையில் பாட்டு, மாலையில் ரீ-ரிக்கார்டிங். பாடகரும் வாத்தியங்களும் சேர்ந்தே பதிவான காலம் அது. ஒருவர் தவறினால் எல்லோரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். வில் பிடித்தவர்கள் வீடு கட்டினார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். 1981இல் வந்த ‘ராஜ பார்வை’யின் நாயகனே வயலின் வாசிக்கும் கலைஞன்தான்.

அந்த ஸ்டுடியோக்களின் முதல் வரிசையில் இருந்தவர் வி.எஸ். நரசிம்மன். கர்நாடக வயலினும் மேலை வயலினும் ஒருசேரக் கைவந்தவர். இதன் அருமை வாசிப்பவர்களுக்குத் தெரியும். நம் முறையில் தரையில் அமர்ந்து, கருவியின் தலையைக் கால்மேல் வைத்து, தந்திகளை ஸ-ப-ஸ-ப என்று சேர்த்து, இடது கையை விரல்பலகை முழுதும் வழுக்கவிட்டு வாசிக்கிறோம். அங்கே தாடைக்கு அடியில் பிடித்து, நான்கு தந்திகளையும் வேறு வேறு ஸ்வரங்களில் சேர்த்து, விரல்களைத் திட்டமான இடங்களில் வைத்து வாசிக்கிறார்கள். கருவி ஒன்றே என்றாலும் இரண்டும் வேறு உடல் பழக்கங்கள். 1986இல் தியாகராஜருக்கும் மேலை இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக இளையராஜா தந்த ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பில் நரசிம்மனின் வயலினைக் கேட்டவர்களுக்கு, இந்த இரண்டு பழக்கமும் ஒரே கையில் எப்படிக் கூடின என்பது விளங்கும்.

அந்த நரசிம்மன் 1993இல் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டைத் தொடங்கினார். செல்லோவில் வி.ஆர். சேகர் போன்ற ஸ்டுடியோ தோழர்கள் உடன் இருந்தார்கள். பகலெல்லாம் பிறர் எழுதியதை வாசித்துக் களைத்த கைகள், தங்களுக்கென்று ஓர் இசையைத் தேடின. கர்நாடகக் கீர்த்தனைகளைக் குவார்ட்டெட்டுக்கு அமைத்தார் நரசிம்மன். முதல் வயலின் கீர்த்தனையைக் கமகத்தோடு பாடும். மற்ற மூன்றும் அதைச் சுற்றி ஹார்மனி கட்டும்.

சொல்வதற்கு எளிது. ஹார்மனி என்பது அசையாமல் நிற்கும் ஸ்வரங்களை அடுக்குவது. கமகமோ ஸ்வரத்தை நிற்கவிடாது. தோடியின் காந்தாரம் ஆடிக்கொண்டே இருக்கும்போது அதன்கீழ் எந்த ஸ்வரத்தை நிறுத்துவது? தவறான ஸ்வரம் ஒன்று விழுந்தால் ராகம் வேறு ஊருக்குப் போய்விடும். எங்கே மூவரும் பேச வேண்டும், எங்கே ஒதுங்கி முதல் வயலினைத் தனியே விட வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது இந்தக் கலை. மிருதங்கம் இல்லாததால் தாளத்தையும் நால்வர் தங்களுக்குள்ளேயே சுமக்க வேண்டும். வேறெந்த நாட்டுக் குவார்ட்டெட்டும் எளிதில் செய்ய முடியாத வேலை இது. கீர்த்தனையைத் தாய்மொழியாகக் கேட்டு வளர்ந்தவர்களால்தான் முடியும். இந்த இசைக்கு நாம் கொடுத்த கவனம் போதாது என்றே நான் நினைக்கிறேன்.

அரண்மனை மாறியபோது

தொண்ணூறுகளில் கீபோர்டும் கணினியும் ஸ்டுடியோவுக்குள் வந்தன. முப்பது வயலின் சேர்ந்து எழுப்பும் ஒலியை ஒரே ஆள் விசையை அழுத்தி எழுப்பத் தொடங்கினார். எல்லோரும் சேர்ந்து வாசித்த பெரிய கூடங்களின் தேவை குறைந்தது. ஒவ்வொருவராக வந்து வாசித்துவிட்டுப் போகும் வழக்கம் வந்தது. உண்மையான தந்தி ஒலி பெரிய அளவில் தேவைப்பட்டால் வெளிநாட்டை நாடும் நிலை. 2005இல் இளையராஜாவின் ‘திருவாசகம்’ புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவோடு உருவானது. 2025 மார்ச் 8 அன்று அவரது ‘வேலியன்ட்’ சிம்பொனியை லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் வாசித்தது. நமக்கெல்லாம் பெருமையான நாள். அந்தப் பெருமையோடு ஒரு கேள்வியும் எழ வேண்டும்: அதை முதலில் சென்னையில், நம் பிள்ளைகளின் கைகளில் கேட்டிருக்க முடியாதா?

கற்றுக்கொள்ள இன்று முன்னைவிட வசதி உண்டு. ஏ.ஆர். ரஹ்மான் 2008இல் சென்னையில் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி, வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு ‘சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரா’ வழியாகத் தந்தி வாத்தியங்களைக் கற்றுத் தருகிறது. மும்பையில் 2006இல் பிறந்த சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா இருக்கிறது; ஆனால் அதன் வரிசைகளில் வெளிநாட்டுக் கலைஞர்கள் ஏராளம். கற்ற பிள்ளை வாசித்துச் சம்பாதிக்க நாற்காலி இல்லாததுதான் குறை.

மாடிசன் சொல்லும் வழி

1940 மே மாதம் பெல்ஜியத்தின் புரோ ஆர்ட்டே குவார்ட்டெட், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து மாடிசன் நகரில் வாசித்துக்கொண்டிருந்தது. அந்த நாட்களில்தான் ஹிட்லரின் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்தது. திரும்பிப் போக நாடில்லை. அங்குள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகம் அவர்களை அங்கேயே தங்கச் சொன்னது: இங்கே வாசியுங்கள், எங்கள் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள், சம்பளம் தருகிறோம். பல்கலைக்கழகம் ஒன்று குவார்ட்டெட்டைத் தன்னோடு வைத்துக்கொள்ளும் முறை அப்படித்தான் பிறந்தது. ஆட்கள் மாறினாலும் அந்தக் குழு நூற்றாண்டைக் கடந்தது. இன்று மேலை நாடுகளில் பல குவார்ட்டெட்டுகள் வாழும் வழி இதுவே: பாதி நாள் கற்பித்தல், பாதி நாள் ஒத்திகை, மாலையில் கச்சேரி. பிரபுவின் இடத்தைக் கல்விக்கூடம் எடுத்துக்கொண்டது.

கொடைக்கானல் இதற்கு ஏற்ற ஊர். விடுதியோடு கூடிய பள்ளிகள் இருக்கின்றன, அரங்குகள் இருக்கின்றன, இசையைப் பாடமாக மதிக்கும் பழக்கம் நூறாண்டுக்கு மேல் இருக்கிறது. இரண்டு மூன்று பள்ளிகள் செலவைப் பகிர்ந்துகொண்டு, சென்னையிலோ மும்பையிலோ தேறிய நான்கு இளம் கலைஞர்களை மூன்று ஆண்டுகளுக்கு அமர்த்தலாம். காலையில் அவர்கள் பிள்ளைகளுக்குக் கற்றுத் தரட்டும். பிற்பகலில் ஹைடனையும் நரசிம்மன் காட்டிய வழியில் கீர்த்தனைகளையும் பழகட்டும். மாதம் ஒருமுறை மலையிறங்கிப் பெரியகுளம், வத்தலக்குண்டு, பழனி அரசுப் பள்ளிகளில் வாசிக்கட்டும். மே மாதக் கோடை விழாவில் ஒரு மாலையைச் சுற்றுலாத் துறை அவர்களுக்கு ஒதுக்கலாம். மதுரை அரசு இசைக் கல்லூரி மாணவர்கள் மேலே வந்து அவர்களோடு சேர்ந்து பழகலாம். நான்கு ஆசிரியர் சம்பளமும் ஈரம் புகாத ஓர் அறையும் போதும்.

அப்பாக்களின் கேள்விக்கு என் பதில் இது. குவார்ட்டெட் வாசித்து மட்டும் சாப்பிட இன்றைய தமிழ்நாட்டில் முடியாது. கற்பித்தும் வாசித்தும் கௌரவமாக வாழ முடியும். அதற்கு யாராவது முதல் நான்கு நாற்காலிகளைப் போட வேண்டும். பள்ளி நிர்வாகிகளே, அந்த நாற்காலிகளைப் போடுங்கள். வாசகர்களே, உங்கள் ஊரில் இந்த நான்கு கருவிகள் எப்போது ஒலித்தாலும் சீட்டு வாங்கிப் போய் உட்காருங்கள். கேட்க ஆள் இருக்கும் ஊரில்தான் வாசிக்க ஆள் தங்குவார்கள்.

(தொடரும்)