அந்தக் காலத்து ரெஸ்லிங்கும் கதவடியில் நின்று பார்த்தவர்களும்

திருகோணமலையில் முப்பது வயதைக் கடந்த ஆண்கள் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால், கிரிக்கெட்டும் அரசியலும் முடிந்தபின் பேச்சு ரெஸ்லிங்கில் வந்து நிற்பதைக் காணலாம். ஓர்ஸ் ஹில் என்றும் உவர்மலை என்றும் நாம் அழைக்கும், துறைமுகத்தை அண்டிய எமது பகுதியிலும் இதே கதைதான். "அண்டர்ரேக்கர் இருந்த காலம் போல வருமா மச்சான்?" என்று ஒருவர் தொடங்குவார். மற்றவர்கள் தொடர்வார்கள். 2025 ஜூலையில் ஹல்க் ஹோகன் காலமானபோது, பிள்ளை குட்டிகளுடன் இருக்கும் பலரின் கைத்தொலைபேசிகளில் அவருடைய பழைய படங்கள் வலம் வந்தன.

சமூகப் பணியாளராக வீடு வீடாகச் செல்லும் எனக்கு, இந்தப் பேச்சைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்கிவிட மனம் வரவில்லை. ஒரு தலைமுறை எதை ஏக்கத்துடன் நினைக்கிறது என்பதைக் கவனித்தால், அது எப்படி வளர்ந்தது என்பதும் புரியும்.

கூடியிருந்த காலம்

எமது மூத்தவர்களுக்கு ரெஸ்லிங் என்றால் தாராசிங்கும் கிங்காங்கும்தான். 1987இல் ஒளிபரப்பான இராமாயணத் தொடரில் அனுமனாக வந்தவரும் அதே தாராசிங்தான். அடுத்த தலைமுறைக்கு வீடியோ கசெட்டும், கடையில் வாங்கிய ட்ரம்ப் காட்டும் வந்தன. வீரரின் உயரம், எடை, மார்பளவு எல்லாம் அந்த அட்டைகளில் இருக்கும். பாடம் மனதில் நில்லாத பிள்ளைக்கும் அந்த இலக்கங்கள் நின்றன.

2002 பெப்ரவரியில் யுத்த நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தானது. அதே ஆண்டில்தான் டென் ஸ்போர்ட்ஸ் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. அந்த மே மாதம் டபிள்யூ.டபிள்யூ.எஃப் என்ற நிறுவனம் டபிள்யூ.டபிள்யூ.ஈ எனப் பெயரை மாற்றிக்கொண்டது. கேபிள் இணைப்பு இருந்த வீட்டு விறாந்தையில் பாய் விரித்து, அயலட்டைப் பிள்ளைகள் எல்லாம் கூடியிருந்து பார்த்தார்கள்.

பேரப்பிள்ளைகளைக் கண்ட ஒரு தாயிடம், அந்த அடிபிடியைப் பிள்ளைகள் பார்க்க ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். "வெளியில கேட்ட சத்தத்துக்கு இந்தச் சத்தம் பரவாயில்லை மிஸ். இதில செத்த மாதிரிக் கிடக்கிறவன் அடுத்த கிழமை எழும்பி வருவான்" என்றார். போட்டியின் முடிவு முன்கூட்டியே தீர்மானிக்கப்படுவதை அவர் அறிந்தே இருந்தார். 1989இலேயே அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில், இது பொழுதுபோக்குத்தான் என்று அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. பொய் என்று தெரிந்ததனாலேயே அது அந்தத் தாய்க்கு ஆறுதலாக இருந்தது.

யாருடைய நினைவு?

ஒரு குழுவாகச் சேர்ந்து நினைவில் வைத்திருப்பதைச் சமூகவியலில் கூட்டு நினைவு என்பார்கள். அந்தக் குழுவில் யார் யாருக்கு இடம் கிடைக்கிறது என்பதே என் கேள்வி. மகளிர் குழுக் கூட்டம் ஒன்றின் முடிவில் இதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பின்னர் ஒரு சகோதரி, "அண்ணாமாருக்குத் தேத்தண்ணி குடுக்கிற சாட்டில போய் கதவடியிலயே நிண்டு பாப்பன். பொம்பிளைப் பிள்ளைக்கு என்ன ரெஸ்லிங் எண்டு அப்பா பேசுவார்" என்றார். அண்ணா எறிந்த அட்டைகளைத் திருமணமாகும்வரை கொப்பிக்குள் வைத்திருந்ததாக இன்னொருவர் சொன்னார். இன்று அவர்களின் சகோதரர்கள் அந்தக் காலத்தைப் பேசும்போது, கதவடியில் நின்றவர்கள் அந்தக் கதையில் இல்லை.

பெண்கள் போட்டி வந்ததும் எழுந்து உள்ளே போய்விடுவோம் என்று பலர் சொன்னார்கள். அதற்குக் காரணம் இருந்தது. இன்று பொற்காலம் எனப் புகழப்படும் அந்த ஆண்டுகளில், எதிராளியின் உடையைக் களைவதே வெற்றி என்ற போட்டிகள் பெண்களுக்கென நடத்தப்பட்டன. அதே காலத்தில்தான் சைனா என்ற வீராங்கனை 1999இல் ஆண்களுடன் மோதி, ஆண்களே வைத்திருந்த ஒரு பட்டத்தையும் வென்றார். 2019 ஏப்ரலில் ரெஸ்ல்மேனியா நிகழ்வின் பிரதான போட்டியில் முதன்முறையாகப் பெண்கள் மோதினார்கள்.

எமது பிராந்தியத்திலும் இதற்கு வேர் உண்டு. 1954இல் இந்தியாவின் பரோடாவில், ஹமீதா பானு என்ற பெண் ஓர் ஆண் மல்யுத்த வீரரை இரண்டு நிமிடத்துக்குள் வீழ்த்தினார். 2017இல் ஹரியானாவைச் சேர்ந்த கவிதா தேவி, சல்வார் கமீஸ் அணிந்தே டபிள்யூ.டபிள்யூ.ஈ மேடையில் மோதினார். இவ்விருவரின் பெயர்களையும் எமது மகளிர் குழுவில் ஒருவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை.

பிள்ளைகளுக்கு முழுக்கதையையும் சொல்வோம்

பழைய காலத்தைப் புகழ்வோர் விட்டுவிடும் இன்னொரு செய்தியும் உண்டு. 2007 ஜூனில், புகழ்பெற்ற வீரர் கிறிஸ் பென்வா தன் மனைவியையும் ஏழு வயது மகனையும் கொன்று, தன்னுயிரையும் மாய்த்துக்கொண்டார். அவரது மூளையைப் பரிசோதித்தபோது, பல காலம் தலையில் விழுந்த அடிகளால் அது கடுமையாகச் சேதமடைந்திருந்தது தெரியவந்தது. முடிவு பொய்யானாலும் விழும் அடி பொய்யல்ல. தலையில் கதிரையால் அடிப்பதை 2010இல் அந்த நிறுவனம் தடைசெய்தது.

மேடையில் அடி வாங்குபவர் சம்மதித்து, பயிற்சி பெற்று, சம்பளமும் பெறுகிறார். வீட்டில் அடி வாங்கும் பெண் எதற்கும் சம்மதிக்கவில்லை. எமது நாட்டில் 2005இல் நிறைவேறிய வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் அவளுக்காகவே உள்ளது. இந்த வேறுபாட்டை ஆண் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ரெஸ்லிங் நிகழ்ச்சியை விட இலகுவான இடம் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே தாய்மாரே, தொலைக்காட்சியை நிறுத்திவிடுவதைவிடப் பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து பார்ப்பது மேல். வீட்டில் செய்து பார்த்தால் கழுத்தும் முதுகெலும்பும் முறியும் என்று சொல்லுங்கள். மகள் பார்க்க விரும்பினால் அவளுக்கும் பாயில் இடம் விடுங்கள். உங்கள் கணவரோ சகோதரரோ அடுத்த முறை அந்தக் காலத்துக் கதையைத் தொடங்கும்போது, தேத்தண்ணியை வைத்துவிட்டு நீங்களும் அமருங்கள். அண்டர்ரேக்கரின் எடை எவ்வளவு என்று உங்களுக்கும் தெரியும் அல்லவா?