அயல்நாட்டு உயிர்களை வீட்டில் வளர்த்தல்

பல்லி தமிழர் இல்லங்களுக்குப் புதிய விருந்தன்று. அது மேலே விழுந்தால் என்ன பலன், எத்திசையிலிருந்து ஒலித்தால் என்ன பலன் என்று கூறுவதற்குப் பஞ்சாங்கத்தில் தனிப்பகுதியே உண்டு. காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலுக்குச் செல்வோர் பொன் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டு வணங்கித் திரும்புகின்றனர். எனினும், நம் முன்னோர் பல்லியைப் பிடித்து அடைத்து வைத்தவரல்லர். அது தானே வந்தது. விளக்கொளியை நாடிவரும் பூச்சிகளைத் தின்று தானே வாழ்ந்தது. இன்று நகரங்களில் பரவிவரும் வழக்கமோ வேறு. கடல் கடந்த நாடுகளின் ஓணான், பாம்பு, ஆமை முதலியவற்றை விலைகொடுத்து வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில் வளர்க்கின்றனர். இவ்வழக்கத்தால் விளைவன யாவை, சட்டம் கூறுவது யாது என்பவற்றை நேயர்கள் அறிந்திருத்தல் நலம்.

கர்நாடகத்தின் ஆனேக்கல் வட்டம் ஓசூருக்கு அண்மையில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்துள்ளது. அத்திப்பள்ளி, பொம்மசந்திரா, ஜிகணி ஆகிய தொழிற்பகுதிகளில் பணிபுரியும் தமிழர்க்கு இவ்வட்டம் நன்கு பழக்கமானது. பன்னேர்கட்டா உயிரியல் பூங்கா இங்குதான் உள்ளது. 2023 சனவரியில் வருவாய்ப் புலனாய்வு இயக்ககத்தார் பெங்களூரு விமான நிலையத்தில் சில பயணிகளிடமிருந்து 18 அயல்நாட்டு உயிர்களைக் கைப்பற்றினர். அதன் தொடர்ச்சியாக ஒரு பண்ணை வீட்டைச் சோதித்தபோது, 48 இனங்களைச் சேர்ந்த 139 உயிர்கள் அகப்பட்டன. அனகோண்டாப் பாம்புகளும், இகுவானாக்களும், நைல் உடும்பும் அவற்றுள் அடங்கும். மீட்கப்பட்டவை பன்னேர்கட்டாப் பூங்காவிடம் ஒப்படைக்கப்பட்டன. அதே ஆண்டு ஆகஸ்டில், பாங்காக்கிலிருந்து வந்த பெட்டிகளில் 234 உயிர்கள் இருந்தன. அவற்றுள் ஒரு கங்காருக் குட்டி மூச்சுத் திணறி மாண்டிருந்தது. கடையில் அழகுறக் காட்சி தரும் ஒரு குட்டிக்குப் பின்னே இத்தகைய பயணமும் இருக்கக்கூடும்.

இனி, வளர்ப்பின் அருமையை நோக்குவோம். பச்சை இகுவானா என்பது நடு அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் மரங்களில் வாழும் பெரிய ஓணான். வாங்கும்போது கையளவே இருக்கும் குட்டி, சில ஆண்டுகளில் வாலுடன் 5 அடி வரை வளரும். 15 ஆண்டுகளும் வாழக்கூடும். ஊர்வன, வெயிலில் காய்ந்தும் நிழலில் ஒதுங்கியும் தம் உடற்சூட்டைச் சீர்செய்துகொள்பவை. ஆனேக்கல் போன்ற மேட்டு நிலத்தில் மார்கழி இரவுகளில் வெப்பம் 15 டிகிரி செல்சியசு அளவிற்கு இறங்குவதுண்டு. அக்குளிரில் இகுவானாவுக்கு உண்ட தழையும் செரிப்பதில்லை. கதிரவனொளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் தோலிற் படாவிடில் அதன் உடலில் வைட்டமின் டி உண்டாகாது. அஃது இன்றேல் உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்து உடலிற் சேராது. எலும்புகள் மென்மையுற்று வளையும். சன்னற் கண்ணாடி அக்கதிர்களைத் தடுத்துவிடுவதால், பெட்டியைச் சன்னலோரத்தில் வைப்பதனால் மட்டும் பயனில்லை. தனி விளக்கு வேண்டும். ஊர்வனவற்றின் குடலில் சால்மொனெல்லா என்னும் நுண்கிருமி தங்கியிருப்பதும் உண்டு. ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகள் உள்ள இல்லங்களில் இவை வேண்டா என மருத்துவர் கூறுவது இதனாலேயே.

வாடகை வீட்டில் வாழ்பவரும், மாற்றல் உத்தரவு வந்தால் பெயர வேண்டியவரும் இதனை மேலும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பொங்கலுக்கு ஊர் செல்லும்போது வாசற்செடிக்கு நீர் ஊற்ற அண்டை வீட்டாரிடம் சொல்லிச் செல்லலாம். மலைப்பாம்பைப் பார்த்துக்கொள்ளுமாறு யாரிடம் சொல்லிச் செல்வது?

அடுத்து, சட்டம். உடும்பு, நட்சத்திர ஆமை, பச்சைக்கிளி போன்ற நம் நாட்டு உயிர்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளவை. அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் அடைத்து வைப்பதும் குற்றமாகும். முதலாம் அட்டவணையிலுள்ள உடும்பு போன்றவற்றின் பொருட்டு 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்கப்படும்.

அயல்நாட்டு உயிர்களின் நிலை வேறு. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கை 1973இல் உருவாயிற்று. இந்தியா 1976இல் அதில் இணைந்தது. அதன் பட்டியலிலுள்ள உயிர்கள், 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழி நம் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. பச்சை இகுவானாவும் மலைப்பாம்பு வகைகளும் இதில் அடங்கும். பட்ஜரிகர் என்னும் ஆஸ்திரேலியச் சிறுகிளி அடங்காது. 2024 பிப்ரவரியில் வெளியான விதிகளின்படி, இவ்வுயிர்களை ஏற்கெனவே வைத்திருந்தோர் 6 திங்களுக்குள்ளும், புதிதாகப் பெறுவோர் 30 நாட்களுக்குள்ளும் அரசின் பரிவேஷ் இணையதளம் வழியே பதிவுக்கு விண்ணப்பித்தல் வேண்டும். குட்டி பிறப்பினும், பிறர்க்குக் கொடுப்பினும், இறப்பினும் தெரிவித்தல் வேண்டும். ஆதலின், ஊர்விட்டுப் போகும் நண்பர் தம் இகுவானாவை அன்பளிப்பாகத் தந்தால், பதிவுச் சான்றைக் காணாமல் ஏற்றல் கூடாது.

வளர்க்க இயலாதவர் சிலர், உயிரை விடுவித்த புண்ணியம் கிடைக்கும் என்றெண்ணி அதை ஏரியில் விட்டுவிடுகின்றனர். இது பெருந்தவறு. நாணயத்தினும் சற்றே பெரிதாக விற்கப்படும் அமெரிக்கச் செங்காது ஆமை, பின்னர் ஓர் அடி வரை வளரக்கூடியது. அது நீர்நிலையில் புகுந்தால் நம் நாட்டு ஆமைகளின் உணவையும் வெயில்காயும் இடத்தையும் பறித்துக்கொள்ளும். உலகில் மிகுதியாகக் கேடு விளைவிக்கும் 100 அயலினங்களின் பட்டியலில் அதுவும் ஒன்று. வளர்க்க இயலாதவர் வனத்துறையினரை அணுகி, அவர் வழிகாட்டும் இடத்தில் ஒப்படைப்பதே முறை.

குழந்தைகள் இவ்வுயிர்களின்மீது ஆர்வம் கொள்வது நன்றே. அவர்களை ஒரு விடுமுறை நாளில் பன்னேர்கட்டாவிற்கோ, அவரவர் வாழும் நகரத்து விலங்குக்காட்சிச் சாலைக்கோ அழைத்துச் செல்லலாம். வீடு திரும்பியபின், சுவரில் விளக்கருகே காத்திருக்கும் பல்லி பூச்சி பிடிக்கும் திறத்தையும் காட்டலாம். அதற்கு விலையுமில்லை, உரிமமும் வேண்டுவதில்லை.