அபூர்வ நோயாளிகளின் வாக்குமூலம்

பத்தாயிரம் பேரில் ஐவருக்கு மேற்படாமல் காணும் நோயை அபூர்வ நோய் என்று ஐரோப்பியச் சட்டம் வரையறுக்கிறது. அத்தகைய நோய்கள் ஆறாயிரத்துக்கும் அதிகமாதலால், தனித்தனியே அபூர்வமாயினும், அவற்றால் அவதியுறுவோர் உலகெங்கும் சுமார் 30 கோடி பேர் ஆகிறார்கள். ஒரு வைத்தியர் தம் ஆயுளில் ஒரு தடவை பார்த்தால் உண்டு என்னும்படியான நோயைப் பற்றிச் சர்க்காருக்கு எடுத்துச் சொல்வது யார்? ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் ரத்தப் பரிசோதனையின் முடிவு இருக்கும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்த தாய் எப்போது வேலையை விட்டாள் என்பது இராது.

அந்த விவரத்தையும் சேகரிக்க வேண்டுமென்று, 1997-இல் பாரிஸில் நோயாளிச் சங்கங்களின் கூட்டமைப்பாகத் தோன்றிய யூரோர்டிஸ், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் எட்டு நோய்களைத் தேர்ந்துகொண்டு, 17 நாடுகளில் ஏறக்குறைய 6,000 நோயாளிகளிடமும் குடும்பத்தாரிடமும் விடைகளைத் திரட்டியது. முதல் அறிகுறி தென்பட்டது எப்போது, இன்ன நோயென்று ஊர்ஜிதமானது எப்போது என்ற இரண்டு கேள்விகளே அந்த விசாரணைக்கு உயிர். இரு தேதிகளுக்கும் இடையே சென்ற காலத்தைக் கணக்கிட்டபோது, நால்வரில் ஒருவருக்கு அது 5 முதல் 30 ஆண்டாக இருந்தது. நூற்றுக்கு நாற்பது பேருக்கு முதலில் சொல்லப்பட்ட நோயே வேறு.

அந்த எட்டில் டூஷேன் என்னும் தசைநலிவு நோயும் ஒன்று. தரையில் உட்கார்ந்த சிறுவன் எழும்போது கையைத் தரையில் ஊன்றி, பின்பு முழங்காலிலும் தொடையிலும் மாற்றி மாற்றி வைத்து, தன் உடம்பின்மேல் தானே ஏறுகிறவன்போல நிமிர்கிறான்; இடுப்புத் தசை வலுவிழந்ததன் அடையாளம் அது. சிதையும் தசையிலிருந்து கிரியேட்டின் கைனேஸ் என்னும் நொதி ரத்தத்தில் கசிவதால், அதை அளக்கும் எளிய பரிசோதனையே நோயைச் சந்தேகிக்கப் போதுமானது. ஆனால், "சில பிள்ளைகள் மெதுவாகத்தான் நடப்பார்கள்" என்ற ஆறுதலைக் கேட்டுத் திரும்பும் பெற்றோருக்கு அப்பரிசோதனை கிடைப்பதில்லை. கருவி இருந்தும், அதைக் கேட்க வேண்டுமென்ற எண்ணம் உதிக்காமற் போவதே அநேக தாமதங்களுக்கு மூலகாரணம்.

ஒரு தகப்பனார் இதைச் சொன்னால் அவருடைய துர்ப்பாக்கியம் என்று அதிகாரி அநுதாபப்படலாம். ஆயிரக்கணக்கானோர் நாடுதோறும் அதையே சொல்லும்போது அநுதாபம் போதாது. 2019-இல் பிரிட்டிஷ் அரசாங்கமே அபூர்வ நோய்களைப் பற்றிக் கருத்துக் கேட்டு, சுமார் 6,300 விடைகள் பெற்றது. 2021-இல் வெளியிட்ட கொள்கையின் நான்கு முன்னுரிமைகளில், நோயை விரைந்து கண்டறிதலை முதலாவதாக வைத்தது.

நோயாளிகளிடமே கேட்டறியும் இம்முறையின் குறையையும் சொல்லிவிட வேண்டும். விடை எழுதுவோர் பெரும்பாலும் சங்கத் தொடர்புடையவர்கள், தம் நோயின் பெயரை அறிந்தவர்கள். பெயர் தெரியாமலே மாண்ட குழந்தையும், இன்றும் அலைந்துகொண்டிருப்பவரும் கணக்கில் சேராமையால், உண்மையான தாமதம் நாம் காணும் எண்ணைவிட நீண்டதாகவே இருத்தல் கூடும்.

2022-இல் யூரோர்டிஸ் மறுபடியும் 41 நாடுகளில் 6,507 பேரிடம் விசாரித்ததில் சராசரித் தாமதம் 4.7 ஆண்டாக இருந்தது, ஆண்களுக்கு 3.7, பெண்களுக்கு 5.4. பெண் சொல்லும் வலியை மனக்கவலை என்று தள்ளும் வழக்கத்துக்கு இதில் எவ்வளவு பங்கு என்பதை ஆராயும் கடமை வைத்தியக் கல்லூரிகளுடையது. நோயாளிகள் தம் பங்கு விடையை எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.