ஆற்று இறாலின் வாசஸ்தலம்

மேல்நாட்டு ஓடைகளில் "கிரேபிஷ்" என்னும் கொடுக்குள்ள பிராணி ஒன்று உண்டு. அது ஆயுள் முழுவதும் நன்னீரிலேயே வசிக்கும். இந்திய ஆறுகளில் அஃது இயற்கையாக இல்லை. அதன் ஸ்தானத்தில் இருப்பது ஆற்று இறால். இதன் ஜீவன முறையோ வேறு.

பகலில் வேர்களின் இடுக்கிலும் கற்களின் கீழும் பதுங்கும் இறால், இரவில் வெளிப்பட்டுப் புழுக்களையும் மக்கிய தழைகளையும் தின்னும். சினைப்பட்ட பெட்டை, வயிற்றின் அடியில் முட்டைகளைச் சுமந்து கழிமுகத்தை நோக்கி இறங்கும். செம்மஞ்சள் முட்டைகள் சாம்பல் நிறமடைந்தால் பொரிக்கும் காலம் நெருங்கியதென அறியலாம். குஞ்சுகளுக்குச் சற்று உப்புக் கரிக்கும் ஜலம் வேண்டும். சுத்த நன்னீரில் சில தினங்களில் மடியும். ஏறக்குறைய ஒரு மாதத்தில் உருமாறி, கரையோரமாக ஆற்றை எதிர்த்து மேலேறும்.

ஆகவே ஆறும் கழிமுகமும் தடையின்றித் தொடர்பு கொண்டிருத்தல் அவசியம். 1836-ல் கொள்ளிடத்தில் கட்டப்பட்ட கீழணை பாசனத்துக்குப் பேருபகாரம்; மேலேறும் குஞ்சுகளுக்கோ சுவர். சென்னையில் கோட்டூர்புரத்தை ஒட்டி ஓடும் அடையாற்றுக்கு நேர்ந்த இடையூறு வேறு விதம். அதன் முகத்துவாரத்தை மணல்திட்டு அடிக்கடி அடைத்துவிடுகிறது. கடல்நீர் புகாதபோது சாக்கடை நீர் தேங்கிப் பிராணவாயு குறைகிறது. இறால் அதைப் பொறாது. மணலை வெட்டினாலும், சாக்கடை வரும்வரை முழுப் பயன் இல்லை.

சங்க அங்கத்தினர்கள் வலையில் அகப்பட்ட சினை இறாலை உயிருடன் ஆற்றிலேயே விடுதல் நலம். பெரிய பெட்டை ஒன்று பல ஆயிரம் முட்டைகளைச் சுமக்கும். அணைக்குக் கீழே கூடும் குஞ்சுகளைப் பொடிக்கண் வலையால் அரித்து விற்பதினும், குளத்தில் விட்டு வளர்ப்பது லாபம். குளத்தில் அவை வளருமேயன்றிப் பெருகா. அடுத்த ஆண்டுக் குஞ்சுகளுக்கு மறுபடி ஆற்றையோ பொரிப்பகத்தையோ நாட வேண்டும்.