திறன்பேசியும் தீவிர விளையாட்டும்: சிலாபக் கரையிலிருந்து ஒரு நோக்கு

கணினி விளையாட்டு என்பது அண்மைக்காலம் வரை நமது ஆய்வாளர்களின் கவனத்தை அதிகம் பெறாத துறையாகும். சிறுவர்களின் வீண்பொழுது எனவும் கல்விக்கு இடையூறு எனவும் ஒதுக்கப்பட்டு வந்த இத்துறை, இன்று உலகளாவிய பெருந்தொழிலாகவும் நமது இளைஞரின் ஓய்வுநேரத்தை ஆட்கொள்ளும் பண்பாட்டுச் சாதனமாகவும் வளர்ந்துள்ளது. இத்தொழில் ஈட்டும் வருவாயில் ஏறத்தாழ அரைவாசி இன்று ஸ்மார்ட்போன் எனப்படும் திறன்பேசியின் வழியாகவே வருகின்றது. எனவே, தொலைக்காட்சியுடன் இணைத்து விளையாடும் கொன்சோல் எனுங் கருவியையும் கணினியையும் திறன்பேசி முற்றாகப் பதிலீடு செய்துவிடுமா என்ற வினா எழுவது இயல்பே.

இவ்வினாவிற்கு விடை கூறுவோர் பெரும்பாலும் மூன்று கருவிகளையும் வாங்கவல்ல ஒருவரை மனத்திற் கொண்டே பேசுகின்றனர். அவரது தெரிவு சுவை பற்றியது. சிலாபத்தைப் போன்ற ஒரு கரையோர நகரில் நிலைமை வேறு. கடற்றொழில், இறால் வளர்ப்பு, தெங்குச் செய்கை ஆகியவற்றைத் தளமாகக் கொண்ட, தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் கலந்து வாழும் இப்பிரதேசத்தில் பெரும்பாலான வீடுகளுக்குக் கொன்சோல் வந்ததே இல்லை. வராத ஒன்றை எது பதிலீடு செய்யும்? ஆகவே வினாவையே சற்று மாற்றியமைத்து நோக்குதல் அவசியமாகின்றது.

தீவிரம் என்பதன் பொருள்

'தீவிர விளையாட்டு' என்ற தொடர் மூன்று வேறுபட்ட பொருள்களில் வழங்குகின்றது. பயிற்சியும் ஒழுங்கும் வேண்டி நிற்கும் போட்டி என்பது முதலாவது பொருள். பல மணிநேரம் ஆழ்ந்து ஈடுபடத்தக்க கதையும் உலகமும் கொண்ட ஆக்கம் என்பது இரண்டாவது. விளையாடுவோர் விளையாட்டின் அமைப்பையே விளங்கி, அதனை மாற்றவும் புதிதாக ஆக்கவும் முற்படும் நிலை மூன்றாவது. இம்மூன்றையும் வேறுபடுத்தாது விவாதிப்பதனாலேயே முரண்பட்ட விடைகள் தோன்றுகின்றன.

முதலாவது பொருளில் விவாதம் ஏறத்தாழ முடிந்துவிட்டது எனலாம். 2023 செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் சீனாவின் ஹாங்சோ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் மின்விளையாட்டுக்கள் முதன்முறையாகப் பதக்கத்திற்குரியனவாகச் சேர்க்கப்பட்டன. அவ்வகையில் இடம்பெற்ற ஏழு விளையாட்டுக்களுள் அரீனா ஒவ் வேலர், பப்ஜி மொபைல் என்னும் இரண்டும் திறன்பேசியில் ஆடப்பட்டவை. அவற்றை இனி விளையாட்டுப் பொம்மை என்று ஒதுக்குவதற்கில்லை.

நமக்குப் பழக்கமான ஓர் ஒப்புமை இதனை மேலும் தெளிவாக்கும். சிலாபத்திற்கு மரியன்ஸ் என்னும் முதற்தரக் கிரிக்கெட் கழகம் உண்டு. ஆயினும் இக்கரையின் மணற்றிடல்களில் அதிகம் ஆடப்படுவது மென்பந்துக் கிரிக்கெட்டே. கடினபந்துக்குரிய ஆடுகளமும் காப்பணிகளும் வாங்க இயலாதோர் ஆடுவது என்பதால் மென்பந்து ஆட்டம் தீவிரமற்றதாகிவிடுவதில்லை. காலிக்கு அருகிலுள்ள இரத்கமவில் மென்பந்தைக் கொண்டு பந்துவீசப் பழகிய லசித் மாலிங்க 2004 இல் இலங்கை அணியில் இடம்பெற்றமை யாவரும் அறிந்ததே. திறன்பேசி விளையாட்டும் இவ்வாறே வசதியற்றோரின் ஆடுகளமாக எழுந்துள்ளது. இவ்வொப்புமை எங்கே முறிகின்றது என்பதைப் பின்னர் நோக்குவோம்.

பொருளாதாரப் பின்னணி

கொன்சோல் விளையாட்டிற்கு மட்டுமே பயன்படும் கருவி. திறன்பேசியோ தொடர்பு, வங்கி அலுவல், வெளிநாட்டிலுள்ள உறவினருடன் உரையாடல் ஆகிய தேவைகளுக்காக வாங்கப்படுவது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றுக் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது அது வகுப்பறையாகவும் மாறியது. வேறு தேவைக்காக வாங்கிய கருவியில் விளையாட்டு மேலதிகச் செலவின்றி வந்து சேர்ந்துவிடுகின்றது.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இவ்வேறுபாட்டை மேலும் கூர்மையாக்கிற்று. அவ்வாண்டு மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலரின் பெறுமதி, மே மாதத்தில் ஏறத்தாழ 360 ரூபாவை எட்டியது. 2020 இல் 499 டொலர் விலையில் வெளியான பிளேஸ்டேஷன் 5, வரிகளும் ஏற்றிறக்கச் செலவும் நீங்கலாகவே, ஒரு இலட்சம் ரூபாவிலிருந்து ஏறத்தாழ 180,000 ரூபாவிற்கு உயர்ந்தது எனக் கணக்கிடலாம். மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை நீண்டது. நாட்டின் மிகப் பெரிய அனல்மின் நிலையமான 900 மெகாவாட்டு நுரைச்சோலை நிலையத்தைக் கொண்ட புத்தளம் மாவட்டமும் இருளுக்கு விலக்காகவில்லை. மின்கலத்தில் இயங்கும் கருவியே அக்காலத்தில் கைகொடுத்தது.

எனவே இங்கு திறன்பேசியின் 'வெற்றி' சுவையின் வெற்றியன்று. வருமானத்தின் எல்லையும் நாணயத்தின் வீழ்ச்சியும் செய்த தெரிவு அது.

வெப்பமும் தூரமும்

இரண்டாவது பொருளுக்கு, அதாவது நீண்டநேரம் ஆழ்ந்து ஆடும் பெரும் ஆக்கங்களுக்கு வருவோம். சில்லுகளின் ஆற்றலை மட்டும் கொண்டு நோக்கின் எல்லைகள் ஏற்கெனவே கலந்துவிட்டன. நின்டெண்டோ நிறுவனம் 2017 இல் வெளியிட்டு, 15 கோடிக்கும் மேல் விற்பனையான ஸ்விட்ச் கொன்சோலின் உள்ளே இருப்பது கையடக்கக் கருவிகளுக்காக வடிவமைக்கப்பட்ட சில்லு வகையே. கொன்சோலுக்கென ஆக்கப்பட்ட 'ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ்' 2023 இல் ஐபோன் 15 புரோவில் வெளிவந்தது.

எனினும் ஒரு பௌதிகத் தடை எஞ்சியுள்ளது. பிளேஸ்டேஷன் 5 பெரிய ஆட்டமொன்றை இயக்குகையில் ஏறத்தாழ 200 வாட்டு வலுவைச் செலவிட்டு, எழும் வெப்பத்தை விசிறியால் வெளியேற்றுகின்றது. விசிறியற்ற திறன்பேசி தொடர்ச்சியாகத் தாங்கக்கூடியது ஐந்து வாட்டு அளவே. அதனைக் கையில் பிடித்திருக்க வேண்டுமாதலால், மேற்பரப்பின் வெப்பநிலை 45 பாகை செல்சியசை அண்மிக்குமுன் கருவி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கின்றது.

இங்கு இடமும் ஒரு காரணியாகின்றது. ஒரு பொருளிலிருந்து வெளியேறும் வெப்பம், அண்ணளவாக, அதற்கும் சூழலுக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாட்டுக்கு விகிதசமமானது. 20 பாகையிலுள்ள ஐரோப்பிய அறையில் இவ்வேறுபாடு 25 பாகை. நண்பகலில் 31 பாகையிலுள்ள சிலாபத்து வீட்டிலோ 14 பாகையே. ஆகவே ஒரே விலை கொடுத்து வாங்கிய ஒரே கருவி, அங்கு வெளியேற்றும் வெப்பத்தில் பாதியைச் சற்றே விஞ்சிய அளவையே இங்கு வெளியேற்ற இயலும். வியர்வை படிந்த கண்ணாடித்திரை தொடுகையைச் சரிவர உணராமையும் இதனுடன் சேர்கின்றது.

வெப்பப் பிரச்சினையைத் தவிர்க்கும் பொருட்டு, விளையாட்டைத் தொலைவிலுள்ள பெருங்கணினியில் இயக்கி, காட்சியை மட்டும் திறன்பேசிக்கு அனுப்பும் முறையொன்றும் உண்டு. இதில் பிரதான தடை தூரம். நொடிக்கு 60 காட்சிகள் கொண்ட ஆட்டத்தில் ஒரு காட்சிக்குரிய நேரம் 16.7 மில்லிசெக்கன். விளையாட்டு வழங்கி சிங்கப்பூரில் இருப்பதாகக் கொள்வோம். மாத்தறையில் கரையேறும் கடலடிக் கம்பிவடங்களினூடாக ஒளி செல்லும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீற்றர். நேர்கோட்டில் 2,700 கிலோமீற்றரெனக் கொண்டாலும், சென்று மீள்வதற்கு மட்டும் 27 மில்லிசெக்கன் கழிந்துவிடும். கைத்தொலைபேசி வலையமைப்பின் தாமதம் இதற்கு மேலானது. இம்முறையைப் பெரும் முதலீட்டுடன் 2019 இல் தொடங்கிய கூகுளின் ஸ்டேடியா சேவை 2023 ஜனவரியில் மூடப்பட்டது. வசதிமிக்க நாடுகளிலேயே அது வேரூன்றவில்லை என்பது கவனத்திற்குரியது.

சந்தையின் விதி

மேற்கூறிய தடைகள் காலப்போக்கில் தளரக்கூடும். அதனினும் வலிய தடை, திறன்பேசி விளையாட்டின் சந்தை அமைப்பிலேயே உள்ளது. இங்கு விளையாட்டு 'இலவசமாக' வழங்கப்பட்டு, உள்ளே விற்கப்படும் ஆடைகள், ஆயுதங்கள், அதிர்ஷ்டப் பெட்டிகள் ஆகியவற்றால் பணம் ஈட்டப்படுகின்றது. ஃபிரீ ஃபயரில் அந்நாணயத்திற்கு 'டயமண்ட்' என்று பெயர். ஆடுவோர் மீண்டும் மீண்டும் வரவேண்டும், ஆனால் நிறைவு பெறக்கூடாது என்பதே இத்தகைய ஆட்டத்தின் வடிவமைப்பு விதியாகின்றது. அதிர்ஷ்டப் பெட்டிகளில் சிலவற்றை 2018 இல் பெல்ஜியம் சூதாட்டமெனத் தீர்மானித்தமையும், 2021 இல் சீனா பதினெட்டு வயதிற்குட்பட்டோரின் இணைய விளையாட்டை வார இறுதி நாட்களில் நாளொன்றுக்கு ஒரு மணிநேரமாக மட்டுப்படுத்தியமையும் இவ்விதியின் விளைவுகளுக்கு எழுந்த எதிர்வினைகளே.

இச்சந்தை எதனை வெளியே நிறுத்துகின்றது என்பதற்கு நமது மொழியிலிருந்தே சான்று உண்டு. கனடாவின் டொரொன்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் 2023 இல் வெளியிட்ட 'வெண்பா', அந்நாட்டில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையைச் சமையலின் ஊடாகக் கூறுவது. 2024 இல் பிரித்தானியாவின் பாஃப்டா விருதுகளில் சிறந்த முதற்படைப்புக்கான விருதை அது பெற்றது. ஒரு மாலைப்பொழுதில் ஆடி முடிக்கத்தக்க இச்சிறு ஆக்கம் திறன்பேசியின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று. எனினும் அது முதலில் வெளிவந்தது கணினியிலும் கொன்சோல்களிலுமே. ஒருமுறை விலை கொடுத்து, ஆடி நிறைவுறும் ஆக்கத்திற்கு அங்குதான் சந்தை உண்டு. விளைவாக, உலகம் பாராட்டிய தமிழ் விளையாட்டு, திறன்பேசி மட்டுமே வைத்திருக்கும் உடப்பு அல்லது சிலாபத்து இளைஞருக்கு எட்டாதிருந்தது.

ஆக்கமும் நுகர்வும்

இனி மூன்றாவது பொருளை நோக்குவோம். நமது கருத்தில் இதுவே அடிப்படையானது.

பப்ஜி மொபைல் எங்கிருந்து வந்தது? அயர்லாந்தைச் சேர்ந்த பிரெண்டன் கிரீன் 2013 இல் ஆர்மா 2 என்ற கணினி விளையாட்டைத் தம் விருப்பப்படி மாற்றியமைத்ததில் அதன் கரு தோன்றியது. 2017 இல் அது கொரிய நிறுவனமொன்றின் வாயிலாகத் தனி விளையாட்டாகிக் கணினியில் வெளிவந்தது. 2018 இலேயே திறன்பேசிக்கு வந்தது. அரீனா ஒவ் வேலர் சார்ந்த வகையோ, வார்க்ராப்ட் 3 என்னும் கணினி விளையாட்டைக் கொண்டு ஆடுவோரே 2003 இல் அமைத்த 'டோட்டா' எனும் களத்தின் வழிவந்தது. 1999 இன் கவுன்டர் ஸ்ட்ரைக்கும் இவ்வாறே இரு இளைஞர் செய்த மாற்றத்தில் பிறந்தது. ஹாங்சோவில் ஆடப்பட்ட இரு திறன்பேசி விளையாட்டுக்களின் வேர்களும் கணினியிலேயே, அதுவும் சாதாரண விளையாட்டாளரின் கைகளிலேயே, உள்ளன.

இத்தகைய பிறப்பு திறன்பேசியில் நிகழ்தல் அரிது. அங்கு கோப்புகள் மூடப்பட்டுள்ளன. எது விற்கப்படலாம், எது நீக்கப்படலாம் என்பதை இரு நிறுவனங்களின் கடைகளே பெருமளவில் தீர்மானிக்கின்றன. 2020 ஓகஸ்டில் ஃபோர்ட்நைட் தனக்கெனக் கட்டண வழியொன்றைச் சேர்த்தவுடன் அவ்விரு கடைகளும் அதனை நீக்கின. 2017 இல் ஆப்பிள் தனது இயங்குதளத்தை மாற்றியபோது, புதுப்பிக்கப்படாத பழைய விளையாட்டுக்கள் ஒரேயடியாக இயங்காதுபோயின.

மென்பந்து ஒப்புமை முறிவது இங்கேதான். தெங்கு முக்கோணத்தில் வளரும் சிறுவன் தென்னை மட்டையைச் செதுக்கித் தன் துடுப்பைத் தானே செய்துகொள்வான். ஆட்டத்தின் விதியையும் முற்றத்தின் அளவுக்கேற்ப மாற்றிக்கொள்வான். அவனிடம் குறைவாக இருந்தது பணமே. ஆட்டம் அவனுடையதாகவே இருந்தது. திறன்பேசியில் ஆடுபவனுக்கு அந்த உரிமை இல்லை. விதியும் துடுப்பும் மைதானமும் பிறருடையவை.

இலங்கையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு வீட்டிலேயே மேசைக்கணினியோ மடிக்கணினியோ உண்டு எனக் குடிசனமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் அண்மைய ஆண்டுகளின் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே, கணினியைத் திறன்பேசி பதிலீடு செய்கின்றது என்ற கூற்றின் சமூக உள்ளடக்கம் யாதெனில், ஒரு வர்க்கத்தின் பிள்ளைகள் ஆக்குவோராகவும் ஏனையோர் நுகர்வோராகவும் பிரிவுறுகின்றனர் என்பதேயாகும்.

முடிவுரை

போட்டியைப் பொறுத்தமட்டில் திறன்பேசி ஏற்கெனவே தன் இடத்தைப் பெற்றுவிட்டது. ஆழ்ந்த ஆக்கங்களைப் பொறுத்தமட்டில் வெப்பமும் தூரமும் சந்தையின் விதியும் அதனை மட்டுப்படுத்துகின்றன. ஆக்கத்தைப் பொறுத்தமட்டில் அது கணினிக்கு ஈடாகாது.

இதிலிருந்து, இளைஞரின் கையிலுள்ள திறன்பேசியைப் பறிக்க வேண்டும் என்ற முடிவுக்கு நாம் வரவில்லை. அவர்களிடம் ஆர்வமும் தேர்ச்சியும் ஏற்கெனவே உள்ளன, இல்லாதது கணினியே. பாடசாலைகளின் கணினிக் கூடங்களும் பிரதேச நூலகங்களும் மாலைவேளைகளில் அவர்களுக்குத் திறந்திருக்க வேண்டும். அங்கு கற்பிக்கப்படுவது ஆவணந் தட்டச்சிடுதலோடு நின்றுவிடலாகாது. 2014 முதல் எவரும் கட்டணமின்றிப் பெறத்தக்கதாயுள்ள கொடோ போன்ற திறந்த மூலக் கருவிகள், பழைய கணினிகளிலும் சிறு விளையாட்டொன்றை ஆக்கப் போதுமானவை. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் இவற்றுக்கான கைந்நூல்களைத் தமிழில் ஆக்குவதைத் தமது பணிகளுள் ஒன்றாகக் கொள்ளலாம். இறால் பண்ணையையும் களப்பையும் தேரோட்டத்தையும் அறிந்த ஓர் இளைஞர் குழு தன் ஊரைக் களமாகக் கொண்டு ஒரு விளையாட்டை அமைக்குமாயின், அது எந்தக் கருவியில் ஆடப்படுகின்றது என்பது இரண்டாம்பட்சமான வினாவாகிவிடும்.