வெறும் பாக்கு மென்றால் புற்றுநோய் வருமா?

மயிலாப்பூர்க் கல்யாணங்களில் தாம்பூலம் மங்கலம். புகையிலை சேர்க்காத வரை ஆபத்தில்லை என்றே பலரும் நம்புகிறார்கள். தவறு. பாக்கே புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் அறிவித்துவிட்டது.

எப்படி? பாக்கிலுள்ள அரிகோலின் கன்னத்தின் உட்புறத்தில் நார்த்திசுவைப் பெருக்குகிறது. நாளடைவில் வாயைத் திறப்பதே கஷ்டமாகும். சுண்ணாம்பின் காரம் பட்டால், பாக்குச் சாற்றிலிருந்து டிஎன்ஏவைச் சிதைக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் கிளம்புகின்றன. புகையிலையின் நைட்ரோசமைன்களும் டிஎன்ஏவைத்தான் தாக்குகின்றன. மது, அந்த நச்சுகள் வாயின் சவ்வுக்குள் எளிதாக ஊடுருவ வழிவிடுகிறது. தானும் அசிட்டால்டிஹைடாக மாறிக் கெடுக்கிறது. புகையிலையும் மதுவும் சேர்ந்தால் ஆபத்து பன்மடங்கு.

வாயில் வெள்ளை, சிவப்புத் திட்டோ ஆறாத புண்ணோ இரண்டு வாரம் தாண்டினால் பல் மருத்துவரிடமோ, 1954இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலோ உடனே காட்டுங்கள்.